கொழும்பில் டாலர் தீர்ந்தபோது

மன்னித்துவிட்டேன் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள், மீதிப் பேருக்கு ஞாபகசக்தி கிடையாது. எனக்கு ஞாபகசக்தி நன்றாகவே இருக்கிறது. திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில், எங்கள் ஊரிலிருந்து வயலுக்குப் போகிற வழியில் ஓர் அரிசி ஆலை உண்டு. அதைக் கடக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு உடம்பு சூடாகிறது. அந்த ஆலைக்காரர் என் தம்பியின் நிலத்தைப் பிடுங்கப் பார்த்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் கொழும்பு.

நான் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஒரு நாட்டின் நெருக்கடி இன்னொரு நாட்டுக்கு எப்படிப் பரவுகிறது என்பதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். வங்கி வழியாக ஓர் அம்பு, வணிகம் வழியாக ஓர் அம்பு, பயத்தின் வழியாக இன்னோர் அம்பு. பிள்ளைகள் அதை அப்படியே வரைந்து மதிப்பெண் வாங்கினார்கள். அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்த சமயத்தில் அந்த அம்பு எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. துபாயில் கட்டட வேலைக்குப் போயிருந்த பையன்கள் திரும்பி வந்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழும்பிக்கொண்டிருந்த மாடிகள் பாதியில் நின்றன. மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் கொடி கட்டித் துணி காயப் போட்டோம். அப்போது யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. வாஷிங்டனில் இருக்கிறவனை எங்கே போய்ச் சட்டையைப் பிடிப்பது?

கொழும்பு விஷயத்தில் சட்டை பக்கத்திலேயே இருந்தது.

இலங்கையில் ஜனங்கள் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்களே, அந்த வருடம். எங்கள் பக்கம் சம்பா அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் நெல் தார்ப்பாய்க்கு அடியில் வரிசை கட்டிக் கிடந்தது. எப்போது எடை போடுவார்கள் என்று கேட்டால் வானத்தைக் காட்டினார்கள். ஆலைக்காரர் லாரியை வயல் வரப்புக்கே அனுப்பினார். இலங்கைக்கு அரிசி ஏற்றுமதி செய்கிறவர், பெரிய கை. ஒரு மாதத்தில் பணம் என்றார். நெல் முளைத்துவிடுமோ என்ற பயத்தில் எங்கள் தெருவில் பலரும் கொடுத்தார்கள். என் தம்பி தன் மொத்த மகசூலையும் கொடுத்தான்.

மாதம் போனது, பணம் வரவில்லை. தம்பி போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தான். அடுத்த முறை நானும் கூடப் போனேன்.

"வாங்க டீச்சர், உக்காருங்க" என்று எனக்கு நாற்காலி போட்டார். தம்பிக்குப் போடவில்லை. அவரைவிட என் தம்பி ஒன்றும் சின்னவன் இல்லை. ஆனால் எனக்கு 'ங்க', அவனுக்கு 'நீ'. அவனும் அவர் முன்னால் நிற்கும்போது தோளில் கிடக்கிற துண்டைத் தன்னையறியாமல் இறக்கிக் கையில் வைத்துக்கொள்வான். அதைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் வரும்.

"நீங்க எக்னாமிக்ஸ் படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்று ஆரம்பித்தார். "உங்க தெரு நெல்லு பூராவும் அரிசியாகி கொழும்பு ஹார்பர்ல நிக்குது. எறக்கிக்க ஆளு இல்ல. அங்க டாலரே இல்ல டீச்சர். சைனாக்காரன் துறைமுகம் கட்டக் கடன் குடுத்தான், ரோடு போடக் குடுத்தான். இப்ப அவனும் கைய விரிச்சிட்டான், அமெரிக்காக்காரனும் கண்டுக்கல. ஒரு நாடே படுத்துடுச்சு. அது படுத்தா நான் படுக்குறேன். நான் படுத்தா நீங்க கொஞ்சம் பொறுத்துக்கத்தான் வேணும்."

என்ன அநியாயம் பாருங்கள். அத்தனையும் என் பாடம். வணிகத்தின் வழியாக வரும் அம்பு. நானே நடத்தியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அந்தக் காபியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தம்பி அந்தச் சாகுபடிக்குத் தன் பெண்டாட்டி நகையை அடகு வைத்திருந்தான். போதாததற்கு வட்டிக்கும் வாங்கியிருந்தான். வட்டிக்காரர் வாசலில் வந்து நின்று சத்தம் போட ஆரம்பித்தார். என் ஓய்வுப் பணம் மகள் கல்யாணத்தோடு கரைந்துவிட்டது. கையில் இருந்ததைக் கொடுத்தேன், அது வட்டிக்குத்தான் ஆனது. வைகாசிக்குள் முதலைக் கட்டுவதாகச் சொல்லித் தம்பி தவணை வாங்கினான்.

அந்த நேரம் பார்த்து ஆலைக்காரர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார். ஆலை மதிலை ஒட்டி எங்களுக்கு மூன்று மா நிலம் இருக்கிறது, சுமார் ஓர் ஏக்கர். எங்கள் அப்பா அவர்கள் வீட்டில் பண்ணையாளாக இருந்தவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஆலைக்காரருடைய அப்பாவிடமிருந்தே கிரயம் செய்து வாங்கியது அது. எங்கள் தெருவில் ஒருவர் பெயரில் பட்டா ஆன முதல் நிலம். அப்பா செத்த பிறகு தம்பிதான் அதில் பயிர் வைக்கிறான்.

வீட்டுக்கு வந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வட்டிக்காரன்கிட்ட அவரே பேசி முடிச்சிடுவாராம்க்கா. மூணு மாவை அவருக்கு எழுதிக் குடுத்துடணுமாம். 'உங்கப்பா எங்கப்பாகிட்ட வாங்கினதுதானே, எங்ககிட்டயே திரும்பி வந்தா என்ன தப்பு'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சு சொல்றேன்னேன்."

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து போனது. அவன் மேல் கத்தி என்ன ஆகப்போகிறது? அவனுக்கு வேறு வழி தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நிலம் போய்விடும் என்றுதான் நினைத்தேன். கொழும்பில் எவனோ வாங்கிய கடனுக்கு எங்கள் அப்பாவின் மூன்று மா போகப்போகிறது என்று நினைத்து ஆற்றாமையாக இருந்தது.

சித்திரை வெயிலில் எல்லார் வீட்டு மொட்டைமாடியிலும் வற்றலும் மிளகாயும் காயும். பக்கத்து வீட்டுப் பெண் அந்த ஆலையில்தான் வேலை செய்கிறாள், நெல் அவிக்கிற இடத்தில். ஒருநாள் என் வீட்டு மாடியில் துணி எடுக்கப் போனபோது ஒட்டினாற்போல இருக்கிற தன் மாடியில் அவள் மிளகாய் காயப்போட்டிருந்த சாக்குகளைப் பார்த்தேன். புத்தம் புதிய வெள்ளைச் சாக்குகள். அச்சு சரியாக விழாத சாக்குகளை ஆலையில் பெண்களுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். சாக்கில் சிங்கள எழுத்து, அதன் கீழே தமிழ், அதற்கும் கீழே ஆங்கிலம். மூலையில் மூட்டை கட்டிய மாதம். அது அப்போது நடந்துகொண்டிருந்த மாதம்தான்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே அவளைக் கூப்பிட்டேன்.

"மில்லு ஓடுதா?"

"ஓடுதாவா? ரெண்டு ஷிப்டு ஓடுது டீச்சர். இடுப்பு ஒடியுது. குடோன்ல தையில இருந்து கெடந்த நெல்லு, நம்ம தெரு நெல்லுதான், இப்பத்தான் அவிச்சு முடிச்சோம். எல்லாம் கொழும்புக்குப் போற சரக்கு."

எங்கள் நெல் கொழும்புத் துறைமுகத்தில் நிற்கவே இல்லை. அவர் குடோனில் சுகமாகப் படுத்திருந்திருக்கிறது.

அவளிடம் ஒரு சாக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கிப் பழைய செய்தித்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாம் ஏற்கெனவே படித்த செய்திதான். மரமண்டைக்கு உறைக்கவில்லை. இலங்கைக்கு நம் அரசாங்கம் கடன் கொடுத்திருந்தது. சும்மா கொடுக்கவில்லை, அந்தப் பணத்தில் மருந்து, அரிசி போன்ற சாமான்களை நம்மிடமே வாங்க வேண்டும். சீனா துறைமுகத்தோடு வந்து உட்கார்ந்த தீவில் நமக்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா? அரசியல் என்றால் அப்படித்தான், அதை நான் குறை சொல்லவில்லை. பசித்தவனுக்குச் சோறு போனது, நல்லதுதான். ஆனால் அதற்கு அர்த்தம் என்ன? கொழும்பில் டாலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆலைக்காரருக்குப் பணம் டெல்லி வழியாக வந்துவிடும்.

முன்பு உலகத்துக்கு ஒரே ஒரு மதகு இருந்தது, அமெரிக்கா. அங்கே உடைத்துக்கொண்டால் எல்லார் வயலும் முழுகும். இப்போது மதகுகள் அதிகம். யார் எந்த மதகைத் திறக்கிறார்கள், எதை அடைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு வயல் முழுகுகிறது, பக்கத்து வயல் விளைகிறது. என் கரும்பலகை அம்புகளில் இது இல்லை. அம்பு தானாகப் பாயும் என்று நடத்திவிட்டேன். கொழும்பு நெருக்கடி கடலைத் தாண்டவே இல்லை. அங்கேயே அதற்கு அணை போட்டாகிவிட்டது. இந்த மனிதர் மெனக்கெட்டு அதைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார்.

நேரே போய்க் கேட்கலாம்தான். கேட்டால் காபி கொடுப்பார். இன்னொரு பாடம் நடத்துவார். எனக்குப் பணம் மட்டும் போதாது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிதர் தவிப்பதை நான் பார்க்க வேண்டும்.

பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு வைகாசியில் கோடை நெல் அறுப்பு. அறுத்த நெல்லைக் காயவைக்க எங்கள் பக்கம் தார்ரோட்டைவிட நல்ல களம் கிடையாது. பாதி ரோட்டில் நெல், பாதி ரோட்டில் வண்டி. யாரும் எழுதி வைக்காத ஒப்பந்தம். நெல்லின்மேல் வண்டி ஏற்றுகிற டிரைவரை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. அவசரத்துக்குச் சக்கரம் ஓரத்தில் பட்டுவிட்டால்கூடக் கையெடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். ஆலையிலிருந்து பெரிய சாலைக்கு லாரி போக, எங்கள் தெரு முனை வழியாகப் போகிற அந்த ஒரு ரோடுதான்.

தெருவில் வீடு வீடாகப் போனேன். சாக்கைக் கையோடு கொண்டுபோனேன். விஷயத்தைச் சொன்னதும் சிலர் அரிவாளைத் தேடினார்கள். "அரிவாள் வேணாம், நெல்லு போதும்" என்றேன். பணம் வராத வீடுகள் எல்லாம் ஒரே நாளில் நெல்லைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். பாதி ரோட்டில் இல்லை, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும்.

பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து நின்றாள். "நாளைக்கு லோடு போவணும்னு சூப்பர்வைசர் பறக்குறாரு. பொழுது சாயறதுக்குள்ள ஹார்பருக்குப் போய்ச் சேரலேன்னா கப்பல் கெளம்பிடுமாம். சரக்கு போகலேன்னா மில்லை நிறுத்திடுவாங்க. எங்களுக்குத்தான் கூலி போவும் டீச்சர். உங்களுக்கு பென்ஷன் வரும்."

அவள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. "தெரியும்மா" என்றேன். நிறுத்துவதாக இல்லை. அவள் போய்விட்டாள். அப்புறம் வெகுநாள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் ஆலை வாசலிலிருந்து எங்கள் தெரு முனைவரைக்கும் ரோட்டைக் காணோம். நெல்தான் கிடந்தது. கேட்டுக்கு உள்ளே லோடு ஏற்றிய லாரிகள் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. முதல் லாரியின் டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். சூப்பர்வைசர், "ஏத்திக்கிட்டுப் போய்யா" என்று கத்தினார். "நீ வேணா ஏத்து. நான் சோறு திங்கறவன்" என்று சொல்லிவிட்டு டிரைவர் வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவரை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

போலீஸுக்குப் போன் போயிற்று. ஒரு கான்ஸ்டபிள் பைக்கில் வந்தார். "யாரு நெல்லு இது?" என்றார். "எங்க நெல்லு" என்று அத்தனை பேரும் சொன்னோம். "வழி விட்டுப் போடக் கூடாதா?" "நேத்து அறுத்தது சார், காயலேன்னா முளைச்சிடும்." அவரும் நெல் விளைகிற ஊர்க்காரர்தான் போலிருக்கிறது. குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் அள்ளிடுங்கம்மா" என்று வண்டியைத் திருப்பினார்.

உச்சி வெயிலில் ஆலைக்கு அந்தப் பக்கமிருந்து ஆலைக்காரரின் கார் வந்தது. நெல் ஆரம்பிக்கிற இடத்தில் நின்றது. நான் இந்தப் பக்கம், தெரு முனையில், குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டீச்சர், கொஞ்சம் இங்க வாங்க, பேசலாம்" என்று அங்கிருந்தே கூப்பிட்டார்.

"முட்டி வலிக்குது சார். நீங்க வாங்க."

சுற்றிப் பார்த்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் வாய்க்கால், அதில் முழங்காலுக்குச் சேறு. அவருக்கு வேறு வழியில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நெல்மேல் கால் வைத்தார். தார் கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தார்.

"தூக்கித் தூக்கி வைக்காதீங்க சார். காலை இழுத்து நடங்க, நெல்லு புரளும்" என்றேன்.

பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். என் அம்மா அவர்கள் வீட்டுக் களத்தில் சித்திரை முழுக்க அப்படி நடந்தவள். காலையில் ஆரம்பித்தால் நெல்லில் கோடு கோடாகக் காலை இழுத்துக்கொண்டே பொழுதெல்லாம் நடப்பாள். ராத்திரி உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பாள். அன்றைக்கு அந்த மனிதரின் இரண்டு காலும் எங்கள் நெல்லில் கோடு போட்டுக்கொண்டு வந்ததைப் பார்க்க அவள் உயிரோடு இல்லையே என்றுதான் இருந்தது. எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. ரோடு இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

வந்து நின்றார். வேர்த்துக் கொட்டியது. "என்ன வேணும் உங்களுக்கு?"

"சம்பா நெல்லுப் பணம்."

"கொழும்புல இருந்து இன்னும்..."

"அது கொழும்புக் காசு இல்ல சார், டெல்லிக் காசு. நெல்லும் ஹார்பர்ல நிக்கல, உங்க குடோன்லதான் நின்னுச்சு." சாக்கை விரித்துக் காட்டினேன். "எந்த மாசம் கட்டின மூட்டைன்னு நீங்களே அச்சுப் போட்டிருக்கீங்க."

சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "உங்க தம்பிக்கு இப்பவே போட்டுடறேன். மத்தவங்களை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல ரோட்டை விடச் சொல்லுங்க" என்றார்.

"மத்தவங்களுக்கு மொதல்ல போடுங்க" என்று எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னேன். "என் தம்பிக்குக் கடைசியா."

நிற்க நிழல் இல்லாமல், செருப்பையும் போடாமல் போனில் தன் கணக்கரோடு பேசினார். கொஞ்ச நேரத்தில் ரோட்டோரம் ஒரு போன் கத்தியது. அப்புறம் இன்னொன்று. இடுப்பில் செருகியிருந்த போன்களை எடுத்துப் பெண்கள் படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்கள். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். கடைசியில் தம்பியின் போன் கத்தியது. அவன் திரையைத் துண்டால் துடைத்துவிட்டுப் பார்த்தான், திரும்பவும் துடைத்துவிட்டுப் பார்த்தான். "முழுசா வந்துடுச்சுக்கா" என்றான். அந்த ஆள் முன்னால் அழக் கூடாது என்று குடையை மடக்கினேன், விரித்தேன்.

நிலம் தப்பித்தது. நான் கையை உயர்த்தி, "அள்ளுங்க" என்றேன். பெண்கள் கயிறு கட்டிய பலகையால், ஒருத்தி இழுக்க ஒருத்தி தள்ள, நெல்லைக் குவிக்க ஆரம்பித்தார்கள். அங்கே லாரி டிரைவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

ஆலைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார். செருப்பு காலில் ஏறியதும் மனிதருக்குப் பழைய குரல் வந்துவிட்டது. என் தம்பியின் தோளில் கை போட்டார்.

"பணம் வந்துடுச்சுல்ல, போ. அந்த மூணு மாவை மட்டும் மனசுல வச்சுக்க. இன்னைக்கு இல்லேன்னா இன்னொரு வருசம் விக்கத்தான் போற. வேற யாருக்கும் குடுத்துடாத. அது எங்க நெலம்."

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டான். துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டான். குவித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடமிருந்து பலகையை வாங்கினான். அவள் குவித்து வைத்திருந்த நெல்லைத் திரும்பவும் நடு ரோட்டுக்குத் தள்ளிப் பரப்பினான்.

"யாரும் அள்ளாதீங்க" என்றான். அவனுக்கு அவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. "இன்னும் காயணும்."

"டேய், கப்பல் போயிடும்டா" என்றார் ஆலைக்காரர்.

தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. நான் குடையைப் போட்டுவிட்டுப் போய், பலகையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அவன் பின்னாலிருந்து தள்ளினான். பொழுது சாயும்வரை அந்த நெல்லை ரோட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் பரப்பிக்கொண்டே இருந்தோம்.